அக்காவின் பென்சிற் குறிகள்

பாடகர் குழுவினரைக் கடிந்துகொள்ளும் உரிமை இப்போது எனக்கில்லை. ஓர்கன் வாசித்த விரல்கள் மூட்டுவாதத்தினால் மடங்க மறுத்த நாள்தொட்டு நான் தேவாலயத்தின் பின்வரிசை வாங்கில் அமர்ந்து கேட்பவன் மாத்திரமே. அவ்வாறிருந்தும் 2025 ஆம் ஆண்டிலே, அக்காவின் இரண்டாம் ஆண்டு ஞாபகார்த்த ஆராதனைக்கு மூன்று நாட்களுக்கு முன்னர், ஒத்திகை நடந்துகொண்டிருந்தபொழுது எழுந்து நின்று, "நிறுத்துங்கோ!" என்று சத்தமிட்டுவிட்டேன்.

பாடிக்கொண்டிருந்தது அக்கா 1974 இல் இயற்றிய மாலைக் கீதம். நான்கு குரல்களுக்கு அமைந்த சிறிய உருப்படி. பாடி முடிக்க நான்கு நிமிடமும் ஆகாது. அதன் பதினேழாவது தாளக் கட்டத்திலே, மேனாட்டுச் சங்கீதக்காரர் பார் என்பார்களே, அவ்விடத்தில், குழுவினர் தொண்டை கிழியக் கத்தினார்கள். அந்த இடத்தை அக்கா அப்படிப் பாடவைத்ததேயில்லை. சத்தம் பெருகும், ஆனால், பக்கத்து அறையில் உறங்கும் குழந்தையை நினைத்துக்கொண்டு பெருகுவதுபோலப் பெருகும்.

குழுவை நடத்தும் இளைஞன் நல்ல பிள்ளை, என்னிடம் படித்தவன். கோபிக்காமல் என்னருகே வந்து பாட்டுத்தாளை நீட்டினான். "மாஸ்ரர், தாளிலை இருக்கிறதைத்தான் நாங்கள் பாடுறம்" என்றான். பார்த்தேன். அவன் சொன்னது சரி. தாளில் எஃப் என்ற ஓரெழுத்துத் தனியே நின்றது. ஃபோர்ட்டே, அதாவது பலமாகப் பாடு என்பதே அதன் பொருள். அதற்குமேல் ஒன்றுமில்லை. நான் வெட்கித்துப்போய் வாங்கில் அமர்ந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவின் கொப்பியை எடுத்தேன். 1995 ஒக்ரோபர் முப்பதாந் தேதி இரவு யாழ்ப்பாணமே பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அக்கா நகைப்பெட்டியை என் கையில் தந்துவிட்டு, இந்தக் கொப்பியைத்தான் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். மழை நீர் பட்டு ஓரங்கள் பழுத்திருக்கின்றன. சுரங்கள் மையினால் எழுதப்பட்டவை. பாடும் முறையைக் காட்டும் குறிப்புகள் யாவும் பென்சிலால் எழுதப்பட்டவை. "சுரம் மாறாது, பாடுறவை மாறுவினம். அதுக்குத்தான் பென்சில்" என்பது அவள் கட்சி.

பதினேழாவது பாரைப் பார்த்தேன். எஃப் என்ற எழுத்தின் வலப்புறத்தில் சின்னஞ்சிறு எழுத்தில் இத்தாலிய மொழியில் மூன்று சொற்கள்: மா நொன் த்ரொப்போ. "ஆனால் மிகையாக வேண்டாம்" என்று பொருள். எழுத்தையும் சொற்களையும் சேர்த்து ஒரு மெல்லிய வளைகோட்டால் சுற்றியும் இருந்தாள். அதற்கு மேலே, சற்று உயரத்தில், பியூ மொஸ்ஸோ என்று வேறொரு குறிப்பு. "இன்னும் சற்று விரைவாக" என்பது அது.

இப்போது அச்சடித்த தாளைப் பாருங்கள். அங்கே மேல்வரியில் "பியூ மொஸ்ஸோ மா நொன் த்ரொப்போ" என்று நான்கைந்து சொற்கள் ஒரே கோவையாக நின்றன. எஃப் கீழே அநாதையாய் நின்றது. அக்கா சொன்னது, விரைந்து பாடுங்கள், பலமாகப் பாடுங்கள், ஆனால் பலம் மிகையாக வேண்டாம் என்று. தாள் சொன்னதோ, விரைந்து பாடுங்கள், ஆனால் விரைவு மிகையாக வேண்டாம். பலமோ உங்கள் இஷ்டம் என்று. ஒரு சொல்லும் தவறவில்லை. ஓரெழுத்தும் பிழைக்கவில்லை. எது எதனோடு சேர்ந்தது என்பது மட்டுமே மாறிவிட்டது.

அந்த இளைஞனையும் குறைசொல்ல இயலாது. மா நொன் த்ரொப்போ என்ற தொடர் பெரும்பாலும் வேகத்தைக் குறிக்கும் சொல்லின் வால்போலவே வருவது. பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பனியின் முதற் பகுதிக்கே "அலெக்ரோ மா நொன் த்ரொப்போ" என்றுதான் தலைப்புக் குறிப்புத் தொடங்குகின்றது. ஆகவே, கற்றவன் எவனும் வேகத்தோடுதான் அதைச் சேர்த்து வாசிப்பான்.

அன்றிரவே ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பியின் மகளை அழைத்தேன். கொப்பியின் பக்கங்களைப் படம்பிடித்து நான் அனுப்ப, அவள்தான் அதைக் கணினியில் ஏற்றி அனுப்பியிருந்தாள். அவளிடம் ஒரு மென்பொருள். எங்கள் தேவாலயத்து இளைஞர்களிடம் வேறொன்று. இரண்டின் பெயரும் இங்கே வேண்டாம். அவள் தன் திரையைப் பார்த்துவிட்டு, "என்ரை பக்கத்திலை எல்லாம் சரியாய்த்தானே இருக்குது, பெரியப்பா" என்றாள். அவள் அனுப்பிய படத்தில் எல்லாம் சரியாகவே இருந்தன. பிழை நடந்தது வழியில்.

அந்த வழியைப்பற்றி அவள் எனக்கு விளக்கிய விஷயத்தை, சங்கீதமும் கணினியும் அறியாத வாசகர்களுக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன். ஒரு மென்பொருளில் எழுதிய பாட்டை இன்னொரு மென்பொருள் அப்படியே வாசிக்காது. ஒவ்வொன்றுக்கும் தன்தன் பாஷை உண்டு. இடையில் ஒரு பொதுப் பாஷை வேண்டியதாயிற்று. மைக்கேல் குட் என்னும் அமெரிக்கர் உருவாக்கிய மியூசிக் எக்ஸ்எம்எல் என்பதே அது. அதன் முதலாவது முழுப் பதிப்பு 2004 இல் வெளிவந்தது. 2015 முதல் இணையத் தர அமைப்பாகிய டபிள்யூ3சியின் கீழுள்ள ஒரு குழுவினர் அதைப் பேணிவருகின்றனர். நான்காம் பதிப்பு 2021 இல் வந்தது. 1988 முதல் வழங்கிவந்த ஃபினாலே என்ற புகழ்பெற்ற மென்பொருளின் விருத்தியை அதன் உரிமையாளர் 2024 ஆகஸ்டில் நிறுத்திக்கொண்டபோது, உலகெங்கும் உள்ள இசையமைப்பாளர் தங்கள் வாழ்நாட் சேகரிப்பை இந்தப் பொதுப் பாஷையில் ஏற்றித்தான் வேறிடம் கொண்டுபோகவேண்டியவர் ஆயினர். எங்கள் கதையில் வருவது அந்த மென்பொருளன்று. ஆயினும் வீடு மாறுவோர் அனைவர்க்கும் உள்ள கவலை ஒன்றுதானே. பெட்டியில் கட்டியது போய்ச்சேரும். எந்தப் பெட்டியில் எது இருந்தது என்பதே தடுமாறும்.

இந்தப் பாஷையின் நற்குணம் என்னவென்றால், அது மனிதர் வாசிக்கக்கூடிய எழுத்திலேயே அமைந்தது. தம்பியின் மகள் கோப்பைத் திறந்து, வரிவரியாக எனக்கு வாசித்துக் காட்டினாள். சுரங்களுக்கு இடையே, பாடும் முறையைச் சொல்லும் ஒவ்வொரு குறிப்பும் "டிரெக்ஷன்" என்ற ஓர் உறையினுள் இடப்பட்டிருக்கும். நமக்கு விளங்க, கட்டளைப் பொதி என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பொதியினுள் சொற்கள் இருக்கலாம், எஃப், பீ போன்ற பல எழுத்துக்கள் இருக்கலாம், சத்தம் படிப்படியாகப் பெருகுவதைக் காட்டும் கொண்டையூசிக் குறி இருக்கலாம். கொண்டையூசி என்று நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆங்கிலச் சங்கீதக்காரரும் அதை அப்படித்தான் அழைக்கிறார்கள். ஒரு முனையில் கூடி, மறு முனையில் விரியும் இரு கோடுகள்.

அக்காவின் பதினேழாவது பாரின் தொடக்கத்திலே கோப்பில் நான்கு பொதிகள் இருந்தன. முதலாவதில், பதின்மூன்றாவது பாரிலிருந்து விரிந்துவந்த கொண்டையூசி முடிகிறது என்ற செய்தி. இரண்டாவதில் எஃப். மூன்றாவதில் பியூ மொஸ்ஸோ. நான்காவதில் மா நொன் த்ரொப்போ. நான்கும் ஒரே கணத்துக்கு உரியவை. நான்கும் வரியின் மேலே நிற்கவேண்டியவை. வாத்தியங்களுக்கு எழுதும்போது சத்தக் குறிகளை வரியின் கீழே எழுதுவது வழக்கம். பாட்டிலே கீழே சாகித்தியம் இருப்பதால் அவை மேலே ஏறிவிடும். வேகக் குறிப்பும் மேலேதான். ஆகவே, வாசிக்கும் மென்பொருளின் முன் நான்கு பேர் ஒரே வாசலில் நிற்கின்றனர். யார் யாருக்குச் சொந்தம் என்று அதற்கு எவரும் சொல்லவில்லை. சாய்வெழுத்தில் வந்த சொற்களை அது வேறு சொற்களோடு கொண்டுபோய் அமர்த்திவிட்டது. இனத்தோடு இனம் சேர்த்ததாக அது எண்ணிக்கொண்டது போலும்.

"அப்ப ஒரே பொதியிலை போட ஏலாதோ?" என்று கேட்டேன்.

ஏலும் என்பதுதான் வியப்பு. ஒரு பொதிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குறிப்புகளை அடுக்கலாம் என்று அந்தப் பாஷையின் விதிகளே இடமளிக்கின்றன. கொண்டையூசி முடிந்ததும் வரும் சத்த எழுத்து, ஒரு சொல்லும் அதைத் தொடரும் புள்ளிக்கோடும், இப்படியானவற்றை ஒன்றாகக் கட்டுவதற்கென்றே அந்த ஏற்பாடு என்று விதிநூலில் உதாரணமும் தந்திருக்கிறார்கள். அவளுடைய மென்பொருள் தன் வீட்டுக்குள்ளே அவற்றைக் கூட்டமாகத்தான் வைத்திருந்தது. ஒன்றை நகர்த்தினால் மற்றவையும் நகரும். 2016 இல் வெளிவந்த டொரிக்கோ போன்ற மென்பொருள்கள் சத்தக் குறிகளை இவ்வாறு குடும்பமாகவே நடத்துகின்றனவாம். ஆனால், பொதுப் பாஷையில் எழுதி வெளியே அனுப்பும்போது அவளுடையது குடும்பத்தைப் பிரித்து, ஆளுக்கொரு பொதியாகக் கட்டிவிட்டது. விதி இருந்தென்ன, எழுதுபவன் கைக்கொள்ளவேண்டும். எழுதுபவன் கைக்கொண்டாலும் வாசிப்பவன் மதிக்கவேண்டும்.

சிறுவயதில் அக்கா எனக்கு இந்தத் தொடரைக் கற்பித்த விதம் அப்போது நினைவுக்கு வந்தது. எனக்கு ஒன்பது வயது. பியானோவின் முன் இருந்து, பலமாக வாசி என்றால் இடித்தேன். அக்கா குசினியைக் காட்டி, "அம்மா கறிக்கு உப்புப் போடு எண்டுதான் சொல்லுறா. கனக்கப் போடாதை எண்டும் சொல்லுறா. ரெண்டும் ஒரே சொல்லுத்தான்" என்றாள். இதைத் தம்பியின் மகளுக்குச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "உப்புக்குச் சொன்னது புளிக்குப் போட்டுது, பெரியப்பா" என்றாள். அவளுடைய மாமியின் நாக்கு அவளுக்கும் வாய்த்திருக்கிறது.

அவள் அந்த இரவே, அவளுக்கு அது பகல், கோப்பைக் கையால் திருத்தினாள். கொண்டையூசியின் முடிவு, எஃப், மா நொன் த்ரொப்போ ஆகிய மூன்றும் ஒரே பொதிக்குள் போயின. பியூ மொஸ்ஸோ தனிப் பொதியில், வேகத்தைச் சொல்லும் எண்ணோடு இருந்தது. ஒரு சிக்கல் எஞ்சிற்று. கொண்டையூசியின் தொடக்கம் நான்கு பார்களுக்கு முன்னால் இருக்கின்றது, முடிவோ இங்கே. வெவ்வேறு கணத்தில் நிகழ்பவற்றை ஒரே பொதியில் அடைக்க முடியாது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரே இலக்கத்தைக் கொடுத்து, இன்னதன் முடிவு இன்னது என்று காட்டலாம், அவ்வளவே. பதின்மூன்றாம் பாரில் அக்கா எழுதிய "போகோ ஆ போகோ", சிறிது சிறிதாக என்ற சொற்களை அந்தக் கொண்டையூசியின் தொடக்கத்தோடு ஒரு பொதியிற் சேர்த்தாள். ஆனால், அந்தத் தொடக்கப் பொதியும் இந்த முடிவுப் பொதியும் சேர்ந்து ஒரே வாக்கியம் என்று சொல்ல அங்கே சொல்லில்லை. அக்காவின் பென்சிலுக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. ஒரே மூச்சில் இழுத்துவிட்டாள்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. கணினி தானே பாடிக்காட்டுவதற்காகப் பொதிக்குள்ளே சத்தத்தின் அளவை எண்ணாகவும் வைக்கலாம். ஃபோர்ட்டே என்றால் நூறு வீதம். 1983 இல் வந்த மிடி முறையில் அது 127 இல் 90. "மிகையாக வேண்டாம் எண்டால் எத்தினை வீதம், பெரியப்பா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்ல? தொண்ணூறு வீதம் போடு என்றேன். 81 ஆயிற்று. அறுபது ஆண்டுகள் சங்கீதத்தோடு வாழ்ந்தவன் இறுதியில் அக்காவின் மனத்தை 81 என்று மதிப்பிட்டேன். கணினி பாடியதைக் கேட்டபோது பிழையென்று சொல்வதற்கு ஒன்றுமில்லை. அக்கா என்று சொல்வதற்கும் ஒன்றுமில்லை.

குறிப்புகளைச் சொற்களால் எழுதும் வழக்கமே சங்கீதத்தில் பிற்காலத்தது என்பதை வாசகர்கள் அறிந்திருப்பர். வெனிஸ் நகரத்துக் கபிரியேலி 1597 இல் வெளியிட்ட ஓர் உருப்படியில் மெல்ல, பலமாக என்று அச்சிட்டது அக்காலத்துக்குப் புதுமை. மெல்சல் 1815 இல் தாளமானி என்னும் மெட்ரொனோமுக்கு உரிமை பெற்ற பிறகே வேகத்துக்கு எண் வந்தது. நம்மவரிடையிலும் சுப்பராம தீட்சிதர் 1904 இல் வெளியிட்ட நூலில் சுரங்களின் மேல் கமகக் குறிகளை இட்டார். அங்கே குறி சுரத்தின் தலையிலேயே இருப்பதால் யாருடையது என்ற வழக்குக்கு இடமில்லை. சுரத்தில் ஒட்டாமல் வெளியில் மிதக்கும் சொல்லுக்குத்தான் உறவு தேடவேண்டியிருக்கிறது.

சனிக்கிழமைக்கு முன்னர் புதிய தாள்கள் வந்துசேர்ந்தன. இம்முறை எஃப்பும் அதன் எச்சரிக்கையும் சேர்ந்தே நின்றன. இளைஞனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன, மாஸ்ரர்" என்றான். ஆயினும் அவன் முகம் மலர்ந்ததைக் கண்டேன்.

இத்துடன் கதை முடிந்திருக்கும். ஆனால், தம்பியின் மகள் மீண்டும் அழைத்தாள். "எல்லாத்தையும் பொதி பொதியாய்க் கட்டிப்போட்டன், பெரியப்பா. ஒண்டு மட்டும் மிச்சம். இருபத்தைந்தாம் பாரிலை இருக்கிற டொல்ச்சே. அதை எதோடை சேர்க்கிறது?"

டொல்ச்சே என்றால் இனிமையாக என்று பொருள். கொப்பியைத் திறந்தேன். மேல்வரிக்கு மேலே பீ, மெல்ல என்ற எழுத்து. டொல்ச்சே அதன் அருகில் இல்லை. இரு வரிகளுக்கும் நடுவே, சற்று வலப்புறம் தள்ளி, ரெனர் குரலின் தலைக்கு மேலே, சாகித்திய எழுத்துக்களுக்கிடையே நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. மேலே இடமில்லாமையால் அங்கே எழுதினாளோ? அப்படியானால் அது நால்வருக்கும் பொது. மெல்லவும் இனிமையாகவும் பாடுங்கள் என்பது கட்டளை. அல்லது அந்த இடத்தில் ரெனருக்கு மாத்திரம் ஓர் அழகான அசைவு வருகின்றதே, அதற்காகவே எழுதினாளோ?

1974 இல் ரெனர் பாடியவன் என் தம்பி. அந்தப் பெண்ணின் தகப்பன். அவனுக்குக் கணீரென்ற குரல். கூட்டத்தில் தனித்துக் கேட்கும். "உன்ரை குரலைக் கொஞ்சம் சீனியிலை தோய்" என்று அக்கா அவனைச் சீண்டுவாள். அவனும் 2016 இல் போய்விட்டான். கேட்பதற்கு இருவரும் இல்லை.

காகிதம் இந்தக் கேள்வியை ஐம்பது ஆண்டுகளாக எங்களிடம் கேட்கவில்லை. நாங்களும் பாடினோம். கண் கண்டபடி ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் எடுத்துக்கொண்டிருப்போம். பொதி கட்டவேண்டும் என்று வந்தபோதுதான், எதனோடு என்று தீர்மானிக்கவேண்டியதாயிற்று. பொதுப் பாஷையில் ஒரு பொதி இன்ன குரலுக்கு உரியது என்று குறிக்கவும் இடமுண்டு. ஆராய்ச்சியாளருக்கென்று எம்.இ.ஐ. என்ற இன்னொரு முறையும் இருக்கின்றது. வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் பெரி ரோலண்ட் என்பவர் தொடக்கிவைத்தது. அதிலே பழைய ஏட்டின் ஒரே இடத்துக்கு இரண்டு பாடங்களை இட்டு, ஐயத்தையும் ஐயமாகவே பதிந்துவைக்கலாமாம். எங்கள் பாடகர் குழுவுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டுமா என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்பாவுக்கு எழுதினதாய் இருக்குமோ, பெரியப்பா?"

இரண்டு நாட்கள் அவகாசம் கேட்டேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பென்சிற் கோடு மேலேயுள்ள பீயின் கோட்டைவிடச் சற்றுக் கருமையாக இருப்பதுபோலத் தோன்றியது. வேறொரு நாளில், ஒத்திகை நடுவே, எரிச்சலுடன் எழுதியிருக்கலாம். வெளிச்சத்தை மாற்றியபோது அப்படித் தோன்றவில்லை. பதினேழாம் பாரில் வளைகோடு போட்டுச் சேர்த்தவள் இங்கே அப்படிச் சேர்க்கவில்லை என்பதும் ஒரு சாட்சிதான். அவசரத்தில் மறந்திருக்கலாம் என்பதும் உண்மைதான்.

கடைசியில், தேவாலயத்துக்குப் போகும் கோப்பில் அதை எதனோடும் சேர்க்கவேண்டாம், பென்சில் வைத்த இடத்திலேயே தனியே நிற்கட்டும் என்று சொன்னேன். அவள் சரியென்றாள். சனிக்கிழமை ஆராதனையில் குழுவினர் பதினேழாம் பாரைப் பாடியபோது நான் தலைகுனிந்து அமர்ந்திருந்தேன். பக்கத்து அறையில் குழந்தை உறங்குவதுபோலவே பாடினார்கள். இருபத்தைந்தாம் பாரில் ரெனர்கள் இருவர். ஒருவன் இனிமையாகப் பாடினான், மற்றவன் வழக்கம்போலப் பாடினான்.

ஒரு வாரங் கழித்து ரொறன்ரோவிலிருந்து இன்னொரு கோப்பு வந்தது. அதில் டொல்ச்சே ரெனர் குரலுக்கென்று கட்டப்பட்டிருந்தது. "இது எனக்கு மட்டும்" என்று கீழே எழுதியிருந்தாள்.